வேல் டயரும் ராசாங்கத்தின் வலது காலும்

அரியலூரில் அந்தக் காலத்தில் லாரி வைத்திருந்தவர்களிடம் ராசாங்கத்தைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "ஓ, ஸ்டெர்லா கம்பெனி ராசாங்கம் சாரா!" என்று முகம் மலரும். அடுத்த நிமிஷமே கொஞ்சம் நெளிந்துகொண்டு மழை, வெள்ளாமை என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்த நெளிவு எதற்கு என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் இல்லாததால் நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரெட்டிபாளையம் போகும் ரோட்டில் எனக்கு லாரி ஸ்பேர்ஸ் கடை. எதிரே அரங்கநாதனின் டயர் கடை. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரி அத்தனையும் எங்கள் இருவர் கடைக்கும் நடுவே புழுதி கிளப்பிக்கொண்டுதான் போகவேண்டும். வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. மந்தமாக இல்லாத நேரம் குறைவு.

அரங்கநாதன் கடையில் யார் எதில் உட்காரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. லாரி முதலாளி வந்தால் பிரம்பு நாற்காலி. டிரைவர் வந்தால் மர பெஞ்சு. பஞ்சர் ஒட்டுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், இன்ன தெருவிலிருந்து வருகிறவர்கள் என்று அரங்கநாதனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் வாசலில் கிடக்கும் பழைய டயர்மேல் உட்கார்ந்துகொள்ளவேண்டியது. யாரும் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. வருகிறவர்கள் தாங்களாகவே தங்கள் இடத்தில் போய் உட்காருவார்கள். அவ்வளவு ஒழுக்கமான கடை அது.

ராசாங்கத்துக்குச் சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம் செட்டிகுளம். அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, வேலை ஒன்றும் அகப்படாமல், பெரம்பலூர் நாலு ரோட்டில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய டயர் வாங்க அரியலூர் வரும்போதெல்லாம் அரங்கநாதன் கடை வாசலில், டயர்மேல்தான் உட்காருவார். ஒருநாள் மெட்ராஸ் கார் ஒன்று நாலு ரோட்டில் பஞ்சராகி நின்றது. உள்ளே இருந்தவர் ஸ்டெர்லா டயர் கம்பெனி மானேஜர். டயர் கம்பெனி மானேஜருடைய காரே பஞ்சராகி நின்றதை ராசாங்கம் சிரிக்காமல் பார்த்தாராம். அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் மானேஜர் வேலை கொடுத்தார் என்பது என் எண்ணம்.

வேலை இதுதான். ஸ்டெர்லா உயர்ந்த ரக டயர். மற்ற டயரைவிட விலை கூட. அரியலூர், பெரம்பலூர் டயர் கடைகளில் ராசாங்கம் போய் உட்கார்ந்து, டயர் வாங்க வருகிறவர்களை ஸ்டெர்லா பக்கம் திருப்பவேண்டும். ஒரு வருஷம் பார்ப்பார்கள். தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பவும் நாலு ரோடு.

கம்பெனியிலிருந்து சாமான்கள் வந்து இறங்கின. கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு காட்சி டயர், அதை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டு, இங்கிலீஷில் ஒரு போர்டு. கூடவே ஒரு மடக்கு நாற்காலி. சிவப்பு பெயின்ட் அடித்து, சாயும் பலகையில் கம்பெனி பெயர் எழுதியிருந்தது. பிரதிநிதி உட்காருவதற்காம்.

அந்த நாற்காலியைப் பிரித்துப் போட்ட நாளில் அரங்கநாதன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது, கம்பெனி கொடுத்தது. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. ராசாங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கர்ச்சீப்பால் தூசி தட்டி, மெதுவாக உட்கார்ந்தார். அன்று மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மடக்கி வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். சம்பளத்துக்காக என்று ஊர் நினைத்தது. அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்தது அந்த நாற்காலி.

ஆனால் டயர் விற்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஸ்டெர்லாவைத் தடவிப் பார்ப்பார்கள். புது டயரில் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரை ஆசையாகப் பிய்த்துப் போடுவார்கள். "நல்ல சாமானுங்க" என்று சொல்லிவிட்டு மலிவான டயரை வாங்கிப் போவார்கள். பிய்த்துப் பிய்த்து அந்தக் காட்சி டயர் மொட்டையடித்தது போல ஆகிவிட்டது. வாடிக்கையாளரைப் பார்த்ததும் புன்னகை செய்யவேண்டும் என்று கம்பெனி சொல்லிக் கொடுத்திருந்தது. உடையார்பாளையம் நடராசன், முந்திரி வியாபாரி, நாலைந்து லாரிக்குச் சொந்தக்காரர், ஒருநாள் பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ராசாங்கம் புன்னகை செய்தார்.

"எதுக்குய்யா சிரிக்கிற?" என்றார் நடராசன்.

"ஒண்ணுமில்லீங்க. ஸ்டெர்லா டயரு..."

"டயருன்னா சிரிப்பா வருது உனக்கு?"

அதோடு புன்னகை நின்றது. வருஷத்தில் பாதிக்குமேல் ஓடிவிட்டது. அரங்கநாதன், "ஏம்ப்பா, அந்த நாக்காலி எடத்த அடைக்குது" என்று ஜாடையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கடையில் எல்லா டயருக்கும் சந்தனம், குங்குமம். காட்சி டயர் ராசாங்கத்தின் பொறுப்பு. ஸ்டெர்லாவின் பக்கவாட்டில் கம்பெனிச் சின்னம் ஒன்று புடைப்பாக இருக்கும். ஏதோ வெளிநாட்டு ராஜா வீட்டு ஈட்டிமுனை என்று மானேஜர் சொல்லியிருந்தார். ராசாங்கம் அதன்மேல் விபூதியை மூன்று கோடாக இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், ஈட்டிமுனையைக் காணோம். சாட்சாத் வேல் நின்றுகொண்டிருந்தது.

அதை முதலில் பார்த்தவர் அரியமுத்து. நடராசன் லாரியின் டிரைவர். வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவர். பொரி வாங்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"வேலா இது?"

இந்த இடத்தில் ராசாங்கம் கொஞ்சம் யோசித்தாராம். உண்மையைச் சொன்னால் நாலு ரோடு. "பாத்தா தெரியலீங்களா?" என்றார். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. உயர்ந்த ரக வியாபாரத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது.

அரியமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நீங்க செட்டிகுளம்தானே? உங்க ஊரு மலமேல நிக்கிற முருகன் கையில கரும்புல்ல இருக்கு? வேலக் காணோமே?"

"வேல எங்க குடுத்து வச்சிருக்காருன்னு நெனச்சீங்க?" என்று ராசாங்கம் டயரைத் தட்டிக் காட்டினார்.

அரியமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய், வேல் டயர் போட்டால்தான் வண்டி எடுப்பேன் என்று நின்றுவிட்டார். நடராசன் திட்டிக்கொண்டே வாங்கினார். ஒரு டிரைவர் கேட்டால் ஒன்பது டிரைவர் கேட்பார்கள். அரியலூரில் ஆரம்பித்து பெரம்பலூர் வரைக்கும் டயர் கடை எல்லாவற்றிலும் "வேல் டயர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். மலிவு டயரை அரங்கநாதன் எடுத்துக் காட்டினால், அதில் சாமி இல்லையே என்றார்கள். மானேஜர் மெட்ராஸிலிருந்து வந்து ராசாங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தப் பக்கத்து ஜனங்களின் தர அறிவு தன்னை ஆச்சரியப்படுத்துவதாகச் சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய் நட்டு போல்ட்டை எல்லாம் தேவையில்லாமல் அடுக்கிவைத்தேன்.

அரங்கநாதன் இப்போது "வாங்க ராசாங்கம்" என்றார். நாற்காலி இடத்தை அடைக்கிற பேச்சு நின்றது.

வெயில் காலம் வந்தது. ரெட்டிபாளையம் ரோட்டில் ஒரு ஸ்டெர்லா வெடித்தது. மறுவாரம் இன்னொன்று. உடையார்பாளையம் பக்கம் ஒரு லாரி முந்திரிக்கொல்லைக்குள் இறங்கிச் சாய்ந்து நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மலிவு டயர்கள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்க, உயர்ந்த ரகம் மட்டும் பட்டாசு போல வெடித்தது. மானேஜர் ஓடிவந்து, வெடித்த டயரைப் புரட்டிப் பார்த்து, காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறார்கள் என்றார். வேல் டயர் வாங்கிய முதலாளிகளுக்கெல்லாம் காற்று அளக்கும் கேஜ் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். கம்பெனி அன்பளிப்பு என்பதால் அதைப் பத்திரமாக வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். டயர் வெடித்துக்கொண்டே இருந்தது.

மானேஜர் கிளம்பும்போது ராசாங்கத்திடம், வெடிப்பது நிற்காவிட்டால் இந்த ஜில்லாவில் கடையைக் கட்டவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் முனை திரும்புவதற்குள் அரங்கநாதன் சிவப்பு நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். "தொடச்சு வைக்கலாம்னு" என்றார். அன்று ராசாங்கம் வாசலுக்கு வந்து பழைய டயர்மேல் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையோடு. கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கடை வாசலில் நின்ற அரியமுத்துவின் லாரியில் ஏறிக்கொண்டார். எதற்காக வெடிக்கிறது என்று கூடவே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு. பார்ப்பதற்கு லாரி கிளம்பவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அரியமுத்து, எல்லா டிரைவரும் செய்வதைப் போல, வண்டியை ஒருசுற்று சுற்றி வந்தார். முன் டயர் இரண்டும் வேறு கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு உதை விட்டார். உதைக்கிற சத்தத்திலேயே காற்று இருக்கிறதா இல்லையா என்று டிரைவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் காற்றுப் பார்ப்பது என்றால் அதுதான், வேறு முறை யாரும் கண்டதில்லை. பின்பக்கம் ஸ்டெர்லா. அங்கே வந்ததும் அரியமுத்து செருப்பைக் கழற்றினார். டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, அத உதைக்கலியா?" என்றார் ராசாங்கம்.

"என்ன சார் பேசறீங்க? வேல ஒதைக்கச் சொல்றீங்களா?"

"சரி, கம்பியால ஒரு தட்டு..."

"அடிக்கவா? கிளீனர்கிட்டக்கூட ஒண்ணுக்குப் போறதுன்னா மரத்துக்கிட்ட போடான்னு சொல்லிட்டேன். டயரு பக்கம் ஒதுங்க விடறதில்ல."

ராசாங்கத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் வைத்த விபூதிதான் டயரை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது. கீழே இறங்கி, அது வேல் இல்லை, யாரோ வெள்ளைக்கார ராஜாவின் ஈட்டி என்று சொல்லிப் பார்த்தார். அரியமுத்து கோபப்பட்டார். "வெவூதி போட்டது நீங்க. கரும்புக் கத சொன்னது நீங்க. சாமி விசயத்துல வெளாடாதீங்க சார், குடும்பத்துக்கு ஆவாது."

மற்ற டிரைவர்களும் கூடிவிட்டார்கள். டயர் வெடிப்பது எதனால் என்பதற்கு அவர்களிடம் வேறு காரணம் இருந்தது. விரதம் சரியில்லையாம்.

ராசாங்கம் செருப்பைக் கழற்றினார். "முருகா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, வலது காலால் வேல்மேலேயே ஓங்கி ஒரு உதை விட்டார். ரோட்டில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். ஒன்றும் நடக்கவில்லை. 'பொத்'தென்று தளர்ந்த சத்தம் மட்டும் வந்தது.

"காத்து இல்ல. அடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றார்.

மறுநாள் காலை இரண்டு லாரிகள் கடை வாசலில் நின்றன. "சார், நம்ம வண்டியையும் ஒரு ஒதை ஒதைச்சுட்டீங்கன்னா..." என்று டிரைவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அடுத்த வாரம் லாரிகள் வரிசையாக நின்றன. ராசாங்கம் உதைப்பார், காற்றுக் குறைந்ததைச் சொல்வார், அரங்கநாதன் கடையில் காற்று அடித்துக்கொண்டு போவார்கள். வெடிப்பது நின்றது. விற்பனை பழையபடி ஏறியது. பெரம்பலூர் கடைகளுக்கும் கிழமை வைத்துப் போய் உதைத்துவிட்டு வந்தார். விற்றபின் சேவை என்று இதற்குக் கம்பெனியில் பெயர் வைத்தார்கள். வேலை நிரந்தரமானது. சிவப்பு நாற்காலி திரும்பவும் விரிந்தது, அரங்கநாதன் கையாலேயே துடைத்துப் போட்டார்.

வீட்டில் மட்டும் நிலைமை வேறு. மலர்க்கொடி, அவர் சம்சாரம், வாசலிலேயே மஞ்சள் தண்ணீரோடு நிற்பார். "அந்தக் காலோட வூட்டுக்குள்ள வராதீங்க" என்று வலது காலை மட்டும் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுவார். இவருக்கும் மனசுக்குள் உறுத்தல்தான். ஆனால் ஊரே 'சார்' என்கிறது. ஊருக்காகத்தானே பாவத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

அந்தச் சமாதானத்தைக் கெடுத்தவர் உடையார்பாளையம் நடராசன். அன்று அவரே லாரியில் வந்திருந்தார். ஆலையில் லோடு இறக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. வழக்கம் போலக் கூட்டம். ராசாங்கத்துக்கு அன்று காலில் வீக்கம்.

"நீங்களே ஒதைச்சுப் பாருங்களேன். இத்தன நாளா ஒதைக்கிறேன், எனக்கு என்ன ஆயிருச்சு?" என்றார்.

நடராசன் பதறிப்போனார். "அய்யய்யோ, நாங்க ஒதைக்கக் கூடாதுங்க சார். நீங்க ஒதைச்சா பரவால்ல." ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' இருந்தது.

"நான் ஒதைச்சா ஏன் பரவால்ல?"

அரியமுத்து மேகத்தைப் பார்த்தார். அரங்கநாதன் தினசரித் தாளைக் கிழிக்கலாமா என்று காலண்டரை ஆராய்ந்தார். காலையிலேயே கிழித்துவிட்ட காலண்டர். நடராசன் மட்டும் பாவம், பதில் சொல்ல வாயைத் திறந்து, சொன்னால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தோன்றி, திறந்த வாயோடு நின்றார்.

ராசாங்கத்தின் முகம் கறுத்ததை நான் எதிர்க்கடையிலிருந்தே பார்த்தேன். இத்தனை நாள் அவர் பாவத்தை ஏற்றுக்கொண்டதாக நினைத்திருந்தார். அவர்களோ, அவர் கால் பட்டால் அது பாவக்கணக்கிலேயே வராது என்று வைத்திருந்தார்கள். இந்த ஆள் மிதித்தால் சாமிக்குப் புதிதாக என்ன வந்துவிடப்போகிறது என்பதுதான் அந்த 'பரவால்ல'. வெள்ளைச் சட்டை, சார், நாற்காலி எல்லாம் போட்டுக்கொண்டும் அவர்கள் கண்ணுக்கு அவர் பழைய டயர்மேல்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று வந்த ஆத்திரத்துக்கு, எங்கள் ரோட்டில் இருந்த லாரிகள் எல்லாம் அப்படியே வெடித்தால்கூடச் சரிதான் என்று இருந்தது.

ராசாங்கம் சண்டை போடவில்லை. கடைக்குள் போய் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"சார், வண்டி நிக்குதுங்களே" என்றார் நடராசன்.

"நிக்கட்டும்."

"ஆலையில கேட்டச் சாத்திருவாங்க சார்."

"கால் வலிக்குதுங்க. நடந்து வந்து நின்னுக்கிட்டு ஒதைக்க முடியாது. உக்காந்துக்கிட்டுன்னா ஒதைக்கிறேன்."

"உக்காந்துக்கிட்டா? எப்படிங்க?"

"நாக்காலிய டயருக்கிட்ட கொண்டாந்து போடுங்க."

நடராசன் திரும்பி அரியமுத்துவைப் பார்த்தார்.

"அவரு இல்லீங்க. வண்டி உங்களுது. நீங்க கொண்டாங்க."

நடராசன் ஆலையிருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார். பின்னால் ஹாரன் அடிக்கும் லாரிகளைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ராசாங்கம் எழுந்து வழிவிட, நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டார். மேலே புழுதி இருந்தது. ராசாங்கம் உட்காராமல் நின்றார். நடராசன் தோள்துண்டை எடுத்துத் தட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வலது காலை நீட்டி, ஒரு உதை.

"இது சரியா இருக்கு. அடுத்தது."

நாற்காலி அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குப் போயிற்று. அங்கேயும் நடராசன்தான் தூக்கினார். முன்பக்கத்து டயர்கள் வேறு கம்பெனி, அதை அரியமுத்துவே உதைக்கலாம். ஆனாலும் ராசாங்கம் விடவில்லை. அதற்கும் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வேல் டயர் போட்டவர்கள், முதலாளியே வந்திருந்தால் முதலாளி, இல்லாவிட்டால் டிரைவர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார்கள். ராசாங்கம் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பார். பெரம்பலூர் கடைகளில் கம்பெனி நாற்காலி கிடையாது, அதனால் அங்கே பிரம்பு நாற்காலியைத் தூக்கினார்கள். யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. எழுதாத சட்டத்துக்கு அவர்கள் பழக்கப்பட்டவர்கள். ஒரு தடவை மெட்ராஸ் மானேஜர் வந்து இதைப் பார்த்துவிட்டு, விற்பனைப் பிரதிநிதிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஊரை நான் பார்த்ததே இல்லை என்று நெகிழ்ந்துபோனார்.

அடுத்து வந்த பங்குனி உத்திரத்துக்கு ராசாங்கம் மலர்க்கொடியோடு செட்டிகுளம் போய் மலையேறினார். இது மலர்க்கொடி என் வீட்டுக்காரியிடம் சொல்லி எனக்கு வந்தது. சன்னதியில் மலர்க்கொடி அவரை முழங்கையால் இடித்து, "ஏங்க, வேல ஒதைச்சதுக்கு மன்னிப்புக் கேட்டுக்குங்க" என்றாராம். ராசாங்கம் கும்பிட்ட கையோடு சாமியை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயசிலிருந்து பார்த்த சாமிதான்.

"இவரு கையில கரும்புதான புள்ள இருக்கு" என்றார். "வேலே இல்ல."

"அப்ப?"

"அப்ப எனக்கும் இவருக்கும் ஒரு வழக்கும் இல்ல. மன்னிப்புக் கேக்க வேண்டியவுங்க யாரும் இன்னிக்கு மலையேறி வரல."

மறுநாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது வாசலில் மஞ்சள் தண்ணீர் இல்லை. அவர் பழக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு நின்றாராம். "என்ன நின்னுக்கிட்டு? உள்ள வாங்க" என்று மலர்க்கொடி சோறு போடப் போய்விட்டார்.